ஃபயர் அலாரம் வேலைக்கு என்ன படிக்கலாம்?

பிளஸ் டூ, பாலிடெக்னிக் ரிசல்ட் வரும் நாட்களில் சொந்தக்காரர்களிடமிருந்து எனக்கு வருகிற போன்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியோடுதான் வரும். "பையன் ஃபயர் அண்ட் சேஃப்டி படிக்கிறேங்கிறான். நீங்க அந்த லைன்லதானே இருக்கீங்க, சேர்த்துவிடலாமா?" என்னுடைய லைன் ஃபயர் அலாரம். கட்டடத்தில் புகையோ சூடோ கிளம்பியதும் கண்டுபிடித்து, ஆட்களை எழுப்பி வெளியே அனுப்புகிற சிஸ்டத்தை வடிவமைத்து, பொருத்தி, சோதித்து, ஒப்படைக்கிற வேலை. அவர்கள் விளம்பரத்தில் பார்த்தது பெரும்பாலும் வேறொன்று. அந்த வித்தியாசம் தெரியாமல் அம்மாவின் வளையலை அடகு வைத்துப் பணம் கட்டிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் போனில் அரைகுறையாகச் சொல்வதை இங்கே விரிவாக எழுதி வைக்கிறேன்.

ஃபயர் என்ற பெயரில் மூன்று தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன.

ஒன்று, தீயணைப்பு வீரர் வேலை. தமிழ்நாட்டில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்கு ஆள் எடுப்பது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர் பதவிகளோடு சேர்த்தே தேர்வு நடக்கும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் உடல் தகுதியும் எழுத்துத் தேர்வும்தான் முக்கியம். தேர்வானபின் பயிற்சியைத் துறையே கொடுத்துவிடும். தனியார் நிறுவனம் கொடுக்கும் ஆறு மாத டிப்ளமோ அங்கே தேவையில்லை.

இரண்டு, சேஃப்டி ஆபீஸர் வேலை. தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் 40-பி பிரிவு வழியாக வந்த பதவி இது. ஆயிரம் தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருக்கும் தொழிற்சாலைக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்று அந்தப் பிரிவு சொன்னது. இதற்கும் அந்த ஆறு மாத டிப்ளமோ மட்டும் போதாது. பொறியியல் பட்டமோ பட்டயமோ இருக்க வேண்டும், தொழிற்சாலை அனுபவம் இருக்க வேண்டும், அதன்மேல் அரசு ஏற்கும் தொழிலகப் பாதுகாப்புப் பட்டயம் வேண்டும். சென்னையில் தரமணியில் இருக்கும் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் நடத்தும் ஓராண்டுப் படிப்புக்கு இந்தத் துறையில் நல்ல மரியாதை உண்டு. வளைகுடாவில் வேலை தேடுபவர்கள் கூடவே நெபோஷ் என்ற பிரிட்டிஷ் பாதுகாப்புத் தேர்வையும் எழுதுவார்கள். ஹெல்மெட், சாரம், வேலை அனுமதிச் சீட்டு, விபத்து விசாரணை, தொழிலாளர் பயிற்சி என்று இந்த வேலையின் உலகமே வேறு. இதில் சேருவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சான்றிதழைத் தொழிற்சாலைகள் துறை ஏற்றுக்கொள்ளுமா? ஏற்றுக்கொள்ளும் என்றால் எழுத்தில் கொடுங்கள்." பதில் மழுப்பலாக வந்தால் பணத்தைக் கட்டாமல் திரும்பிவிடுங்கள்.

மூன்றாவதுதான் எங்கள் வேலை. இதற்கென்று தெருத்தெருவாக விளம்பரம் கிடையாது. ஐடிஐ எலக்ட்ரீஷியன், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக், பாலிடெக்னிக்கில் ட்ரிபிள் ஈ, ஈசிஈ, இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர்கள்தான் டெக்னீஷியனாகவும் சர்வீஸ் இன்ஜினியராகவும் உள்ளே வருகிறார்கள். பி.ஈ. படித்தவர்கள் டிசைனுக்கும், சோதித்து ஒப்படைக்கிற கமிஷனிங்குக்கும் வருவார்கள். தீப் பொறியியலையே பட்டப்படிப்பாகப் படிக்க ஆசைப்படுபவர்களுக்கு நாக்பூரில் தேசிய தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது, 1956-இல் தொடங்கியது. பக்கத்தில் கொச்சிப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பும் தீப் பொறியியலும் சேர்ந்த பி.டெக். இருக்கிறது. அந்த இரண்டில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். மற்றவர்களுக்கு நான் சொல்வது, மின்சாரமோ மின்னணுவோ அடிப்படையாக ஒரு படிப்பை ஒழுங்காக முடியுங்கள், ஓம் விதி விரல்நுனியில் இருக்கட்டும். ஃபயரை வேலையில் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம்.

வேலையில் சேர்ந்தபின் என்ன கற்றுக்கொள்கிறார்கள் என்பதில்தான் எனக்குப் பெரிய மனக்குறை. நம் ஊரில் கற்றுக்கொடுப்பது பேனலை, அதாவது எல்லா டிடெக்டரும் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டியை. ஒரு கம்பெனியின் பேனலில் எந்த மெனுவில் போனால் எது வரும், பாஸ்வேர்ட் என்ன, சாஃப்ட்வேரில் எப்படி டவுன்லோட் செய்வது என்பதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. நாலு வருடம் கழித்தும் அந்தப் பிள்ளை அந்த பேனலுக்கு ஆபரேட்டராகவே இருக்கிறான். கம்பெனி மாறி வேறு பிராண்ட் வந்தால் அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பேனல் தெரிந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். கட்டடம் தெரிந்தவர் கிடைப்பது அரிது. இந்த டிடெக்டர் ஏன் இங்கே இருக்கிறது, இது கத்தினால் எந்தெந்த ஃபேன் நிற்க வேண்டும், எந்தக் கதவு திறக்க வேண்டும், எந்த மாடிக்காரர்கள் முதலில் இறங்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் தொழிலில் வளர்ச்சி.

ஒரு கமிஷனிங் இரவு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகக் கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலில் மரவேலை ஆட்கள், பெயின்டர்கள், ஏசி ஆட்கள் என்று நெரிசல், தூசி. அதனால் எங்களுக்கு ராத்திரிதான் தோது. டிடெக்டரைப் பேஸிலிருந்து திருகிக் கழற்றினால் முதுகில் இரண்டு சின்ன வட்டச் சுவிட்சுகள் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒன்றில் பத்தின் இடத்தையும் இன்னொன்றில் ஒன்றின் இடத்தையும் வைக்க வேண்டும். அதுதான் அந்த டிடெக்டரின் அட்ரஸ். பரவலாகப் புழங்கும் ஒரு வகை பேனலில் ஒரு லூப்புக்கு, அதாவது பேனலிலிருந்து கிளம்பும் ஒரு கேபிள் சுற்றுக்கு, 159 டிடெக்டரும், மற்ற கருவிகளை இணைக்கும் மாட்யூல் 159-உம் வரை போகும். இரண்டு டிடெக்டருக்கு ஒரே அட்ரஸ் வைத்தால் பேனல் ஃபால்ட் காட்டிவிடும், கண்டுபிடிப்பது சுலபம். கஷ்டமானது வேறு. 47-ஆம் அட்ரஸ் ஐந்தாவது மாடி எலக்ட்ரிக்கல் ரூமில் இருக்கிறது. ஆனால் பேனலில் யாரோ 47-க்கு நேராக மூன்றாவது மாடி பேன்ட்ரி என்று டைப் செய்துவிட்டார்கள். பேனலுக்கு இது தெரியாது. பச்சை விளக்கு எரியும், சிஸ்டம் நார்மல் என்று எழுதும். உண்மையில் தீப்பிடிக்கும் நாளில் செக்யூரிட்டி அண்ணன் மூன்றாவது மாடிக்கு ஓடுவார், ஐந்தாவது மாடி எரிந்துகொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு டிடெக்டரின் கீழும் நின்று, நீளக் கம்பின் நுனியில் உள்ள கப்பை அதன்மேல் பொருத்தி, சோதனைப் புகையைச் செலுத்தி, பேனல் அருகில் நிற்பவரிடம் வாக்கிடாக்கியில் "என்ன வந்தது?" என்று கேட்பதுதான். அவர் வாசிப்பதும் நான் நிற்கும் இடமும் ஒன்றாக இருந்தால் அடுத்தது. ஒரு மாடி முழுக்க இப்படியே. அலுப்பான வேலைதான். ஆனால் தொழிலின் உயிர் இதில்தான் இருக்கிறது. நடந்து பார்க்கும்போதுதான் டிடெக்டரின் ஆரஞ்சு நிறத் தூசி மூடி இன்னும் கழற்றப்படாமல் இருப்பது கண்ணில் படும். மூடியோடு இருக்கும் டிடெக்டரும் பேனலோடு ஒழுங்காகப் பேசிக்கொண்டுதான் இருக்கும். அது கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கிறது என்பது மேலே அண்ணாந்து பார்த்தவருக்கு மட்டும்தான் தெரியும். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று டேப் வைத்துப் பார்ப்பதும் அப்போதுதான். 800 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த இடைவெளிக்குள்ளும் டிடெக்டர் வேண்டும். டிராயிங்கில் 750 என்று இருந்தது சைட்டில் 900 ஆகியிருக்கும்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. எலக்ட்ரீஷியன் பழக்கத்தில் கேபிளை, இன்சுலேஷன் சோதிக்கும் மெகர் போட்டுப் பார்க்கத் தோன்றும். டிடெக்டரும் மாட்யூலும் இணைத்தபிறகு லூப்பில் மெகர் போடவே கூடாது, அத்தனை எலக்ட்ரானிக்ஸும் போய்விடும். மெகர் சோதனை டிவைஸ் மாட்டுவதற்கு முன்பு, வெறும் கேபிளுக்கு மட்டும்.

அடுத்து, பேட்டரி. காகிதத்தில் இரண்டு வரிக் கணக்குதான், ஆனால் போட்டுப் பார்க்கும் ஆட்கள் குறைவு. அமெரிக்கத் தரநூலான என்எஃப்பிஏ 72-இன்படி கரண்ட் போனாலும் சிஸ்டம் 24 மணி நேரம் காத்திருந்து, அதன் பிறகும் 5 நிமிடம் முழு அலாரத்தில் கத்த வேண்டும். குரல் அறிவிப்பு உள்ள சிஸ்டமானால் 15 நிமிடம். சும்மா இருக்கும்போது உங்கள் சிஸ்டம் அரை ஆம்பியர் இழுக்கிறது என்றால் 24 மணி நேரத்துக்கு 12 ஆம்பியர்-அவர். அலாரத்தில் ஒன்றரை ஆம்பியர் என்றால் 5 நிமிடத்துக்கு 0.125. கூட்டி, இருபது சதவீதம் கூடுதலாகச் சேர்த்தால் பதினான்கரை ஆகிறது. அப்படியானால் 17 அல்லது 18 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு வேண்டும். கடையில் எளிதாகக் கிடைப்பது 7 ஆம்பியர்-அவர். அதை மாட்டிவிட்டுப் போனவர்களின் வேலையை நான் சைட் சைட்டாகப் பார்த்திருக்கிறேன். கரண்ட் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. வேலைக்கு வருபவர்களிடம் நேர்காணலில் நான் முதலில் கேட்பது இந்தக் கணக்கைத்தான், காகிதத்தையும் பேனாவையும் கையில் கொடுத்துவிட்டு.

சத்தத்துக்கும் கணக்கு உண்டு. வரவேற்பறையில் ஹூட்டர் காதைப் பிளந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆட்கள் தூங்கும் இடங்களில் தலையணைக்குப் பக்கத்தில் 75 டெசிபல் கேட்க வேண்டும் என்பது இந்தியத் தரநூலும் பிரிட்டிஷ், அமெரிக்க நூல்களும் ஒத்துச் சொல்கிற எண். சாதாரணக் கதவு மூடினாலே 20 டெசிபல் அளவுக்குக் குறைந்துவிடும், கனமான தீத்தடுப்புக் கதவானால் இன்னும் குறையும். அப்படியானால் காரிடாரில் மட்டும் ஹூட்டர் வைத்த விடுதியில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவருக்கு என்ன கேட்கும்? 2024 ஜூன் 12 அதிகாலையில் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்து இறந்த இந்தியர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். பலர் தூக்கத்தில் இருந்த நேரம். புகைதான் பெரும்பாலோரின் உயிரை எடுத்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து விடுதி, ஹாஸ்டல், தொழிலாளர் குடியிருப்பு எதுவானாலும் டெசிபல் மீட்டரைத் தலையணை மேல் வைத்துப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. எங்கள் டீமுக்கும் அதே கட்டளை.

டிடெக்டர் கத்துவதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு 2011 டிசம்பர் 9 கொல்கத்தா மருத்துவமனைத் தீயைச் சொல்வேன். அடித்தளத்தில் பற்றிய தீயின் புகை மேல் மாடிகளுக்கு ஏறி, கண்ணாடி அடைத்த கட்டடத்துக்குள் வெளியேற வழியில்லாமல் நின்றது. ஏறக்குறைய 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மூச்சுத்திணறி. எங்கள் தொழிலில் காஸ் அண்ட் எஃபெக்ட் என்று ஒரு அட்டவணை உண்டு. இடது பக்கம் எந்த டிடெக்டர், மேலே எந்தெந்தச் செயல். ஏசி காற்றை அனுப்பும் ஏஎச்யூ நிற்க வேண்டும், டக்டுக்குள் டாம்பர் மூட வேண்டும், படிக்கட்டுக் கூண்டுக்குக் காற்றழுத்தம் தரும் ஃபேன் ஓட வேண்டும், லிஃப்ட் கீழே வந்து கதவைத் திறந்து நிற்க வேண்டும், கார்டு தேய்த்துத் திறக்கும் கதவுகளெல்லாம் தானாக விட வேண்டும். இதில் ஒவ்வொன்றும் வேறு வேறு கான்ட்ராக்டரின் வேலை. ஏசிக்காரர் தன் வயரைத் தரவில்லை, லிஃப்ட்காரர் அடுத்த மாதம் வருகிறேன் என்கிறார், ஓனர் திறப்பு விழாத் தேதியைக் குறித்துவிட்டார். எல்லாரையும் ஒரே இரவில் ஒரே இடத்துக்கு வரவழைத்து அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தையும் நடத்திக் காட்டுபவர்தான் கமிஷனிங் இன்ஜினியர். அதற்கு மின்சார அறிவோடு பேச்சுத் திறமையும் வேண்டும், கொஞ்சம் பிடிவாதமும் வேண்டும்.

வெளிநாடு என்று வரும்போது சான்றிதழ்களின் கேள்வி வருகிறது. எங்கள் தொழிலில் வளைகுடா கன்சல்டன்ட்கள் டெண்டரிலேயே கேட்கும் பெயர் நைசெட். அமெரிக்காவில் 1961-இலிருந்து இருக்கும் சான்றளிப்பு நிறுவனம். ஃபயர் அலாரத்துக்கு நான்கு நிலைகள். கணினியில் எழுதும் தேர்வு, நியமித்த மையங்களில் நடக்கும். இதில் எனக்குப் பிடித்தது, பரீட்சை பாஸானால் மட்டும் சான்றிதழ் வராது என்பதுதான். இரண்டாம் நிலைக்கு 2 ஆண்டு, மூன்றாம் நிலைக்கு 5, நான்காம் நிலைக்கு 10 ஆண்டு வேலை அனுபவத்தை விவரமாக எழுதிக் கொடுக்க வேண்டும், மேலே இருப்பவர் ஒருவர் அதை உறுதிப்படுத்த வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அதனால் "பதினைந்து நாளில் நைசெட் மூன்றாம் நிலை" என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பிவிடாதீர்கள். பயிற்சி வகுப்பு தேர்வுக்குத் தயார்படுத்தலாம், ஐந்து ஆண்டு அனுபவத்தை உண்டாக்கித் தர முடியாது. ஃபயர் அலாரத்தை மட்டும் சோதிப்பவர்களுக்கும், ஸ்ப்ரிங்க்ளர் பக்கம் போகிறவர்களுக்கும் தனித்தனித் தேர்வுகள் அங்கேயே உண்டு. தீப் பாதுகாப்பின் எல்லாக் கிளைகளையும் அகலமாகத் தெரிந்துகொள்ள விரும்பும் அனுபவசாலிகள் என்எஃப்பிஏ நடத்தும் சிஎஃப்பிஎஸ் எழுதுகிறார்கள். அது புத்தகத்தைப் பார்த்து எழுதும் தேர்வு, அதனால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு பெரிய கையேட்டில் எங்கே எது இருக்கிறது என்று தெரியாதவருக்குப் புத்தகம் கையில் இருந்தும் பயனில்லை.

நாட்டுக்கு நாடு நூல் மாறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமீரகத்துக்கு அவர்களுடைய சொந்தத் தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்பு விதிநூல் இருக்கிறது, சிவில் டிஃபன்ஸ் அனுமதி பெற்ற கம்பெனிதான் அங்கே வேலை செய்ய முடியும். சிங்கப்பூரில் எஸ்எஸ் 645, அதோடு அந்நாட்டுத் தீயணைப்புத் துறையான எஸ்சிடிஎஃப்-இன் கெடுபிடி. 200 பேருக்கு மேல் கூடும் பொதுக் கட்டடங்கள் ஆண்டுதோறும் தீச் சான்றிதழ் வாங்க வேண்டும். அங்கே ஃபயர் சேஃப்டி மேனேஜர் என்ற தனிப் பதவியும் அதற்கான படிப்பும் உண்டு, நம் ஆட்கள் நிறையப் பேர் அந்த வழியில் போயிருக்கிறார்கள். பிரிட்டிஷ் முறையில் வேலை நடக்கும் இடங்களில் பிஎஸ் 5839. எந்த நாட்டுக்குப் போகப் போகிறீர்களோ அந்த நாட்டு நூலை ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே புரட்டிப் பாருங்கள்.

நம் நாட்டுக்கு இரண்டு நூல்கள். ஐஎஸ் 2189, தானியங்கித் தீக் கண்டறிதல் மற்றும் அலாரம் அமைப்புகளுக்கானது. இன்னொன்று தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, அதன் நான்காம் பகுதி முழுக்கத் தீப் பாதுகாப்புதான். அடுத்தடுத்து மூன்று வேலை பார்த்த இளைஞர்களிடம்கூட "ஐஎஸ் 2189 படிச்சிருக்கீங்களா தம்பி?" என்று கேட்டால், பேனல் மேனுவல் படித்திருக்கிறேன் சார் என்றுதான் பதில் வருகிறது. அவர்களைக் குறை சொல்ல மனம் வருவதில்லை. யாரும் அவர்கள் கையில் அந்த நூலைக் கொடுக்கவில்லை. கம்பெனிகளுக்கு சைட் முடிய வேண்டும், பில் போட வேண்டும். ஆனால் கன்சல்டன்ட் "இந்த ஹாலில் ஏன் சாதாரண ஸ்மோக் டிடெக்டர் வைக்காமல் பீம் டிடெக்டர் வைத்திருக்கிறாய்?" என்று கேட்கும்போது பிரிவு எண்ணோடு பதில் சொல்லும் டெக்னீஷியன் அடுத்த வருடம் இன்ஜினியர் நாற்காலியில் இருப்பார். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பராமரிப்பு. மகாராஷ்டிரத்தில் கட்டடத் தீப் பாதுகாப்புக்கென்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், கட்டடத்தின் தீப் பாதுகாப்பு சரியாக வேலை செய்கிறது என்று படிவத்தில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்தக் கையெழுத்துக்குப் பொறுப்பு உண்டு. எந்த மாநிலமானாலும் பராமரிப்பு வேலையின் மையம் அந்தக் கையெழுத்துதான் என்று நான் நம்புகிறேன். அதைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும்.

எங்கள் டீமில் ஒரு பெண் இருந்தாள், விழுப்புரம் பக்கம் கிராமம், ஈசிஈ டிப்ளமோ. ஒரு தனியார் மருத்துவமனைக்குக் காலாண்டு சர்வீஸுக்குப் போயிருந்தாள். நிர்வாக அலுவலர் பேனல் இருக்கும் அறைக்கே அவளை விடவில்லை. "பேஷன்ட்ஸ் இருக்காங்கம்மா, சத்தம் வரக் கூடாது. ரிப்போர்ட்ல எல்லாம் ஓகேன்னு போட்டுக் கொடுத்துடுங்க, போன தடவை வந்தவரும் அப்படித்தான் கொடுத்தார். செக் ரெடியா இருக்கு." அவள் சொன்னாள்: "சார், ஹூட்டரை அடக்கி வைச்சுட்டு ஒவ்வொரு டிடெக்டரா பார்க்கிறேன், பேஷன்ட் யாருக்கும் தெரியாது. ஹூட்டர் டெஸ்ட்டை மட்டும் நீங்க சொல்ற நேரத்துல வெச்சுக்கலாம். நான் பார்க்காத ரூமைப் பார்க்கலைன்னுதான் ரிப்போர்ட்ல எழுதுவேன்." அவர் கோபப்பட்டு எங்கள் முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி அவள் பக்கம் நின்றார், அதையும் சொல்ல வேண்டும். உள்ளே போய்ப் பார்த்தால் பேனலில் மஞ்சள் விளக்கு. ஒரு மாடியில் காரிடார் டிடெக்டர்கள் டிஸேபிள் செய்யப்பட்டு, பேனலின் நினைவகத்தில் தேதி பார்த்தால் பல மாதம் ஆகியிருந்தது. கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யும் ஆட்டோகிளேவ் அறையின் கதவு திறக்கும்போதெல்லாம் நீராவி வந்து அலாரம் அடித்திருக்கிறது, தொல்லை தாங்காமல் யாரோ அந்தப் பகுதியையே அணைத்துவிட்டார்கள்.

அவள் எழுதிய ரிப்போர்ட் இரண்டு பக்கம். நீராவி வரும் கதவருகே புகை டிடெக்டர் வைத்ததே தவறான தேர்வு, வெப்பம் வேகமாக ஏறுவதைப் பார்க்கும் வகையும் அங்கே பொய்யாகக் கத்தும், நிலையான வெப்ப அளவில் இயங்கும் டிடெக்டரை வையுங்கள், காரிடாரில் புகை டிடெக்டர் இருக்கட்டும், ஆனால் கதவிலிருந்து தள்ளி, மற்றவற்றை இன்றே எனேபிள் செய்துவிட்டேன் என்று. எங்களுக்கு அந்த பில் பணம் வரப் பல மாதம் இழுத்தது. ஆனால் டிடெக்டரை மாற்றினார்கள். அந்த மாடியில் படுத்திருந்தவர்களுக்கு இப்படி ஒரு பெண் வந்துபோனது தெரியாது. எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய தகுதி இல்லை. அவள் இப்போது துபாயில் சீனியர் கமிஷனிங் இன்ஜினியர்.

பெண்கள் வரலாமா என்று தயங்கிக் கேட்பவர்களுக்கும் அதுவே பதில். ராத்திரி சைட், ஏணி, ஃபால்ஸ் சீலிங் தூசி எல்லாம் இருக்கிறது. சைட்டில் கழிவறை வசதி மோசமாக இருக்கும், அதைக் கம்பெனிகள் சரிசெய்தே ஆக வேண்டும். டிசைன் பக்கம் ஆட்டோகேட், ரெவிட் தெரிந்தவர்களுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. சென்னையிலேயே அலாரம் பேனல் தயாரிக்கும் கம்பெனிகளும் உண்டு, அங்கே உற்பத்தி, சோதனை, சாஃப்ட்வேர் பக்கம் போகலாம்.

சம்பளத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வருடம் குறைவாகத்தான் வரும். பெட்ரோல் காசுக்கும் சாப்பாட்டுக்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். ஐடிக்குப் போன நண்பனோடு ஒப்பிட்டு அந்த நேரத்தில்தான் பலர் விட்டுவிட்டுப் போகிறார்கள். தனியாக ஒரு சைட்டைக் கமிஷன் செய்து ஒப்படைக்கத் தெரிந்தபிறகு நிலைமை மாறுகிறது, அதற்கு மூன்று நான்கு வருடம் ஆகும். அந்த இடைவெளியைத் தாண்டுவதற்கு வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதைப் பெற்றோருக்காகவே எழுதுகிறேன்.

இன்று தொடங்க வேண்டும் என்றால் காசு கட்டாமலே தொடங்கலாம். இந்தியத் தரநூல்களை பிஐஎஸ் இணையதளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். என்எஃப்பிஏ நூல்களை அவர்கள் தளத்தில் கணக்குத் தொடங்கி, இறக்க முடியாவிட்டாலும், இலவசமாகப் படிக்கலாம். முதலில் ஐஎஸ் 2189. ஆங்கிலம் கஷ்டமாக இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு பக்கம். டிடெக்டர் இடைவெளிப் படங்களைக் கையால் வரைந்து பாருங்கள். உங்கள் கல்லூரி, பக்கத்து வணிக வளாகம், ஆஸ்பத்திரி காத்திருப்பு அறை, எங்கே போனாலும் அண்ணாந்து பாருங்கள். இது ஏன் இங்கே இருக்கிறது, அங்கே ஏன் இல்லை என்று கேளுங்கள்.

வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சைட்டின் பெயர், பேனல் பிராண்ட், எத்தனை லூப், எத்தனை டிவைஸ், அதில் நீங்கள் கையால் செய்தது என்ன, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, மேலே இருந்தவர் யார். நைசெட்டுக்கு அனுபவம் எழுதும்போது இது எல்லாவற்றையும் கேட்பார்கள். மேலே இருந்தவரின் கம்பெனி மெயிலை மட்டும் எழுதி வைத்தால் போதாது. ஐந்து வருடத்தில் அவர் கம்பெனி மாறியிருப்பார், அந்த மெயில் செத்துப்போயிருக்கும். அவருடைய சொந்த மெயிலையும் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.